டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ரெஃபர்’ என்று இருக்கிறது. 11 வாரம் ஓடிவிட்டது

திருப்பூர்வாசி | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 11 வாரம் ஆகிறது. தலைப்பிரசவம். மனைவி அருப்புக்கோட்டைப் பக்கம் தாய் வீட்டில் இருக்கிறாள், பிரசவமும் அங்கேயே ஒரு மருத்துவமனையில்தான், சிசேரியன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு முழுக்க பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

போன ஞாயிறு ஊசி அட்டையைத் தேடும்போது டிஸ்சார்ஜ் சீட்டு கையில் அகப்பட்டது. கடைசி வரியில் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்: ‘ஓஏஇ, வலது ரெஃபர், இடது ரெஃபர், ஃபாலோ அப்’. என்னவென்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. மாமாவைக் கேட்டால், “காதில் ஏதோ வைத்துப் பார்த்தார்கள், மறுபடி ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று ஒரு நர்ஸம்மா சொன்ன ஞாபகம், நான் ஊசிக்கு என்று நினைத்துக்கொண்டேன்” என்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

அன்றைக்கே எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தோம். ஒரு தடவை திரும்பினாள். அப்புறம் இரண்டு தடவை திரும்பவில்லை. அத்தை சிரிக்கிறார், “நீயே மூன்று வயதில்தான் வாய் திறந்தாய்” என்று. (மனைவி எனக்குச் சொந்த அத்தை மகள். அதனால் என் சின்ன வயதுக் கதை எல்லாம் அவருக்கு அத்துபடி.)

ரெஃபர் என்றால் காது கேட்காது என்று அர்த்தமா? 11 வாரம் என்பது தாமதமா? மதுரைக்குப் போவதா, கோவைக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


காதுமடல் | புதன், காலை 6.15

தம்பி, நான் ஆடியாலஜிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். அரசு மருத்துவமனையில் 12 வருடமாக இதே வேலை. முதலில் ஒரு மூச்சு விடுங்கள்.

ரெஃபர் என்றால் ‘இன்னொரு தடவை பார்க்க வேண்டும்’ என்று மட்டும்தான் அர்த்தம். நம் உள்காதில் உள்ள மயிர்செல்கள் ஒலி வந்ததும் தாங்களும் மெல்லிய எதிரொலி ஒன்றை வெளியே அனுப்பும். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் கண்டுபிடித்தது இது. காதில் ஒரு சின்ன மொட்டை வைத்து அந்த எதிரொலி வருகிறதா என்று பார்ப்பதுதான் ஓஏஇ. பிறந்த முதல் நாள் இரண்டாம் நாள் குழந்தையின் காதுத் துளையில் மாவு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், நடுக்காதில் நீர் இருக்கும். சிசேரியன் குழந்தைகளுக்கு அது வடிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். எதிரொலி வெளியே வராது, மெஷின் ரெஃபர் என்று காட்டும். அப்படி வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டாவது தடவை பாஸ் ஆகிவிடுவார்கள்.

ஆனால் இதைச் சொன்னதும் வீட்டில் எல்லோரும் “அப்படியானால் ஒன்றுமில்லை” என்று உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அடுத்ததையும் சேர்த்தே சொல்கிறேன்: இந்த வாரமே போங்கள்.

தட்டைத் தட்டுவதை நிறுத்துங்கள். தட்டு அசைவதைக் கண் பார்க்கும், அதிர்வை உடம்பு உணரும், காற்று முகத்தில் படும். சுத்தமாகக் கேட்காத குழந்தையும் திரும்பும். நன்றாகக் கேட்கிற குழந்தை பால் குடித்த மயக்கத்தில் கல்லாக இருக்கும். ‘ங்கா’ என்று பேசுகிறாளே என்றும் நம்ப வேண்டாம். கேட்காத குழந்தையும் முதல் ஐந்தாறு மாதம் எல்லாக் குழந்தையும் போலவே சத்தம் போடும். வித்தியாசம் தெரிவது அதற்குப் பிறகுதான், ‘பபப, மமம’ என்று கோக்க வேண்டிய வயதில்.

உலகம் முழுக்க எங்கள் தொழிலில் சொல்லும் கணக்கு ஒன்று-மூன்று-ஆறு. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவான சோதனை, ஆறு மாதத்துக்குள் காதில் மாட்டும் மெஷினோ பயிற்சியோ தொடங்க வேண்டும். 1998இல் அமெரிக்காவின் கொலராடோவில் இருந்து வந்த ஆய்வில், ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளின் மொழி, அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னால் இருந்தது. அந்தக் கணக்குப்படி நீங்கள் இன்னும் கோட்டுக்குள்தான் இருக்கிறீர்கள்.

இனி ஓஏஇயோடு பெராவும் எடுக்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் பட்டை ஒட்டி, சத்தம் மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வயதில் தானாகத் தூங்கும். எட்டு, பத்து மாதம் ஆகிவிட்டால் தூக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள், பசியோடு கொண்டுபோய் அங்கே வைத்துப் பால் கொடுங்கள். தலையில் எண்ணெய் வேண்டாம், பட்டை ஒட்டாது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதுவாக இருந்தாலும் சரி. அங்கே மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கும், டி.ஈ.ஐ.சி. என்று கேளுங்கள். நீங்கள் கேட்ட இரண்டில், குழந்தை இருக்கும் இடத்துக்கு மதுரைதான் பக்கம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். குழந்தை இன்குபேட்டரில் இருந்ததா? மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றினார்களா?


நாட்டுவைத்தியம்65 | புதன், காலை 8.02

[காதில் ஊற்றும் தைலம் பற்றிய இந்தப் பதிவு நீக்கப்பட்டது. பச்சைக் குழந்தையின் காதில் எதையும் ஊற்றச் சொல்லி இங்கே எழுத வேண்டாம். – நெறியாளர்]


திருப்பூர்வாசி | புதன், காலை 9.30

நன்றி மேடம். இன்குபேட்டர் எல்லாம் இல்லை. மஞ்சள் கொஞ்சம் இருந்தது, இரண்டு நாள் விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்கள், சரியாகிவிட்டது. அதை ஏன் கேட்டீர்கள்?


காதுமடல் | புதன், மதியம் 1.10

மஞ்சள் மிக அதிகமாகப் போனால் காது நன்றாக இருக்கும், நரம்பு கெட்டிருக்கும். அப்போது ஓஏஇ பாஸ் என்று காட்டிவிடும், குழந்தைக்கு ஒன்றும் புரியாது. அதனால்தான் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெரா கட்டாயம் என்கிறோம். உங்கள் கதை அது இல்லை போலத் தெரிகிறது.


சிட்டுக்குருவி | புதன், இரவு 9.25

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் நான். இந்தத் தம்பி எழுதியதைப் படித்ததும் என் ரெஜிஸ்டர்தான் கண் முன்னால் வந்தது.

நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மாமியார் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பிரசவம் ஒரு மாவட்டம், வளர்வது இன்னொரு மாவட்டம். மருத்துவமனையில் கொடுத்த போன் நம்பர் பெண்ணின் அப்பாவுடையது. நான் ஃபாலோ அப்புக்கு அடித்தால், “பிள்ளை இங்கே இல்லையே, அங்கே போயிற்று” என்பார். ‘அங்கே’ உள்ள செவிலியருக்கு இந்தக் குழந்தையின் காது சோதனை பற்றி ஒரு வரியும் தெரியாது. ஊசி மட்டும் எப்படித் தவறாமல் போகிறது? அட்டை கையோடு போகிறது, அட்டையில் தேதி எழுதியிருக்கிறது. அதோடு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணத்தின் தவணை ஊசியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஊசி போடவில்லை என்றால் பணம் வராது. பாட்டி முதற்கொண்டு தேதியை ஞாபகம் வைத்திருப்பார்.

காதுக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. பிக்மி எண் இருக்கிறதே, கர்ப்பம் பதிந்த நாள் முதல் அம்மாவைத் தொடரும் எண், அதிலேயே ‘காது ரெஃபர்’ என்று சிவப்பில் ஒரு கட்டம் வந்து, ஆறு வார ஊசிக்கு வரும்போது எந்த ஊர் செவிலியரும் பார்க்கிற மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீட்டிங்கில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. பிறந்த குழந்தையை நாற்பது நாள் வெளியே எடுக்க மாட்டோம் என்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. “ஆறு வார ஊசிக்கு எப்படியும் வரத்தானே வேண்டும், அன்றைக்கே காதையும் பார்த்துவிடுவோம்” என்பேன். ஆறு வாரம் 42 நாள். கணக்கு சரியாகிவிடும்.


கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 7.50

யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆயிரம் குழந்தையில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை? இரண்டா, மூன்றா? அதற்காக 997 குழந்தைக்கு மெஷின் வைத்துப் பார்ப்பது நம்மைப் போன்ற நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா? ரத்தசோகையையே இன்னும் ஒழிக்க முடியவில்லை. எடை குறைவு, இன்குபேட்டர், குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாதவர், இப்படிச் சந்தேகம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் பார்த்தால் போதாதா? பணக்கார நாட்டுத் திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்கிறோமோ என்று தோன்றுகிறது.


காதுமடல் | வியாழன், இரவு 10.05

கணக்குப்பிள்ளை சார், நியாயமான கேள்விதான். சந்தேகம் உள்ளவர்களை மட்டும் பார்த்தால், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரைத் தவறவிடுவோம். திருப்பூர்த் தம்பியின் குழந்தையையே பாருங்கள். எடை சரி, இன்குபேட்டர் இல்லை, வீட்டில் யாருக்கும் காது கேளாமை இல்லை. உங்கள் பட்டியலில் அவள் வரவே மாட்டாள்.

பணக்கார நாட்டுத் திட்டம் என்றீர்கள். நம் பக்கத்திலேயே கொச்சியில் 2003இல் குழந்தை மருத்துவர்கள் சேர்ந்து ஒன்று செய்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு மெஷின் வாங்கத் தேவையில்லை என்று, ஒரே ஓஏஇ மெஷினையும் பயிற்சி பெற்ற ஒருவரையும் நகரத்துப் பிரசவ மருத்துவமனைகளுக்கு முறை வைத்துச் சுற்றவிட்டார்கள். தேறாத குழந்தைகள் மட்டும் மையத்துக்கு வந்து பெரா எடுத்தால் போதும். பால்காரர் கேன் சுற்றுகிற மாதிரி. மெஷினின் விலையைப் பல மருத்துவமனைகளும் ஆயிரக்கணக்கான குழந்தைகளும் பங்குபோட்டுக்கொண்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள், பெயரே கணக்குப்பிள்ளை.

நைஜீரியாவின் லாகோஸில் வேறு சிக்கல். அங்கே பாதிக்கு மேல் பிரசவம் மருத்துவமனைக்கு வெளியே. மருத்துவமனையில் மெஷினை வைத்துக்கொண்டு காத்திருந்தால் யார் வருவார்கள்? போலாஜோகோ ஒலுசன்யா என்ற குழந்தை மருத்துவர், பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போடும் கிளினிக்கில் மெஷினை வைத்தார். எங்கே பிறந்த குழந்தையானாலும் ஊசிக்கு வருமே. சிட்டுக்குருவி அக்கா சொன்ன அதே ஆறு வாரத் தந்திரம்தான், வேறு கண்டத்தில். தென் ஆப்பிரிக்காவிலும் ஊசி கிளினிக் வழியைத்தான் நிறையப் பேர் பேசுகிறார்கள். பிலிப்பைன்ஸ் 2009இல் இதற்கென்று சட்டமே போட்டது, எல்லாப் பிறந்த குழந்தைக்கும் காது சோதனை என்று.

நமக்கு லாகோஸ் பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் மருத்துவமனைப் பிரசவம். குழந்தைகளின் உடல்நலத்தைச் சோதிக்க 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தில், பார்க்க வேண்டிய குறைகளில் பிறவிக் காது கேளாமையும் ஒன்று, வட்டாரத்துக்கு வட்டாரம் வண்டியில் டாக்டர் குழு போகிறது. உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில் வருகிறது. முன்வாசலும் இருக்கிறது, பின்வாசலும் இருக்கிறது. நடுவில் வீடுதான் இல்லை. முதல் சீட்டுக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவில், இரண்டாவது சோதனைக்கும் மெஷின் காதில் ஏறுவதற்கும் நடுவில், அங்கேதான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். என்னிடம் நான்கு வயதில் வரும் குழந்தைகளின் பழைய ஃபைலைப் புரட்டினால் எங்காவது ஒரு ‘ரெஃபர்’ இருக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ரத்தசோகையையும் ஒழிக்க வேண்டும், வேண்டாம் என்று யார் சொன்னது?


கணக்குப்பிள்ளை | வியாழன், இரவு 10.40

பாதிப் பேர் தவறிப்போவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேறாத குழந்தைக்கு அடுத்தது செய்ய ஆள் இல்லாமல் சோதனையை மட்டும் விரிப்பது பெற்றோரைப் பயமுறுத்துவதில்தான் முடியும், அதை நீங்களே வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறீர்கள்.


காதுமடல் | வியாழன், இரவு 10.52

ஆமாம், அதில் நமக்குள் சண்டை இல்லை.


யாழினிஅம்மா | வெள்ளி, மதியம் 2.30

எங்கள் கதையைச் சொன்னால் யாருக்காவது உதவும்.

மகளுக்குக் காக்ளியர் ஆபரேஷன் ஆகும்போது வயது மூன்று வருடம் இரண்டு மாதம். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர் எங்களுக்கு. கண்டுபிடித்தது அங்கன்வாடி டீச்சர், இரண்டரை வயதில். அதுவரை “பெண் பிள்ளை அமைதியாக இருப்பது நல்லதுதானே” என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். காப்பீட்டில் ஆறு வயதுக்குள் என்றார்கள், சரி, நேரம் இருக்கிறது என்று நினைத்தோம். அது ஆபரேஷனுக்கான கடைசித் தேதி. மூளைக்கான தேதி அதற்கு ரொம்ப முன்னாலேயே ஓடத் தொடங்கிவிடும் என்பதை எங்களுக்குச் சொன்னவர் யாருமில்லை.

ஆபரேஷன் முடிந்த அன்றே காது திறந்துவிடும் என்று என் மாமியார் பொங்கல் வைத்தார். ஒன்றுமே நடக்கவில்லை. புண் ஆறி மூன்று வாரம் கழித்துத்தான் வெளி மெஷினை மாட்டி ஸ்விட்ச் ஆன் செய்தார்கள். முதல் சத்தம் கேட்டதும் பிள்ளை அலறிப் பிடித்து அழுதாள். எல்லோரும் கை தட்டினார்கள், எனக்கு மட்டும் அவள் பயம்தான் தெரிந்தது. அப்புறம் மேப்பிங். எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு கரண்ட் என்று அளந்து அளந்து கூட்டுவார்கள், ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை.

பயிற்சிதான் உண்மையான ஆபரேஷன். வாரம் இரண்டு நாள் மதுரைக்கு. நான்கு மணிக்கு எழுந்தால்தான் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியும். வகுப்பு 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தில் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிட எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அதிகம்: வாயைக் காட்டாமல் பேசு, சமைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல், அவள் கேட்கும் வரை கொடுக்காதே. வெங்காயம், வெங்காயம், வெங்காயம் என்று ஒரு நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எட்டாவது மாதம் ஒரு நாள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து “காயம்” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ஏழு வயது. பேச்சு நான்கு வயதுக் குழந்தை அளவுக்கு இருக்கிறது. வலைகளைப் பற்றி அப்பாவோடு சண்டை போடுவாள். ‘ஸ’வும் ‘ஷ’வும் இன்னும் குழப்பம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது செலவு. வயர் ஒன்று அறுந்தால் ஆயிரங்களில் போகும். எங்கள் ஊர் உப்புக்காற்றும் வியர்வையும் மெஷினுக்கு எமன், ராத்திரி ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு வைப்பேன். இரண்டு வருடம் முன்னால் வாரன்ட்டி முடிந்த மறு மாதமே வெளி மெஷின் நின்றது. கடன் வாங்கிச் சரிசெய்ய 40 நாள். அந்த 40 நாள் அவள் மறுபடி அமைதியான பெண் பிள்ளை.

தம்பி, உங்களுக்கு 11 வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் பொறாமைப்படுகிறேன் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.


கைமொழி | வெள்ளி, இரவு 8.15

நான் காது கேளாதவன். வயது 34. பாளையங்கோட்டை ஃப்ளோரன்ஸ் ஸ்வேன்சன் பள்ளியில் படித்தவன். பேச மாட்டேன், நன்றாக எழுதுவேன், அதனால் இங்கே நான் உங்களில் ஒருவன்.

மேலே எல்லோரும் ‘காது’ என்று எழுதுகிறீர்கள். எனக்குக் குழந்தைப் பருவத்தில் இல்லாமல் போனது மொழி. ஆறு வயதில் பள்ளி விடுதிக்குப் போன முதல் வாரம்தான் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தது. அங்கே பெரிய பையன்கள் எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள். அதற்கு முன் வீட்டில் அம்மா கையால் காட்டிய சாப்பாடு, தூக்கம், அடி, இந்த மூன்றைத் தாண்டி ஒன்றும் இல்லை.

யாழினி அம்மா, உங்கள் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அந்த 40 நாளைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி. வீட்டில் எல்லோருக்கும் ஐம்பது சைகை தெரிந்திருந்தால் அவள் அந்த 40 நாளும் அமைதியாக இருந்திருப்பாளா? பல கிளினிக்கில் ‘கையைக் காட்டாதே, பேச்சு வராது’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். இந்திய சைகை மொழிக்கு 2015இல் தேசிய மையம் வந்துவிட்டது, அகராதி வீடியோவாகவே கிடைக்கிறது. மெஷின் வரும் வரை, ஆபரேஷன் வரும் வரை, குழந்தை சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. கண் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்கிறது.


யாழினிஅம்மா | வெள்ளி, இரவு 9.40

கைமொழி அண்ணா, எங்களிடமும் கையைக் காட்டாதே என்றுதான் சொன்னார்கள். நான் அப்படியே பின்பற்றினேன். பயிற்சி சமயத்தில் அது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன், கை இருந்தால் காதை மறந்துவிடுவாள் என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த 40 நாள் பற்றி நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.


காதுமடல் | சனி, காலை 6.30

நான் முதலில் சொன்ன கொலராடோ ஆய்வில், பேச்சு மட்டும் பழகிய குழந்தைகளும் இருந்தார்கள், சைகையோடு வளர்ந்தவர்களும் இருந்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததன் பலன் இரு பக்கத்துக்கும் கிடைத்தது. என் தொழிலில் இருப்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நானும் பல வருடம் ‘கையைக் காட்டாதீர்கள்’ என்று சொன்னவள்தான்.


திருப்பூர்வாசி | 16 நாட்களுக்குப் பிறகு, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்கு இரண்டு தடவை போய் வந்தோம்.

முதல் தடவை குழந்தை தூங்கவே இல்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டாள், மேடம் சொன்னதை அத்தையிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன். மூன்று மணி நேரம் தோளில் போட்டு நடந்ததுதான் மிச்சம். இரண்டாவது தடவை காரில் போய், வழியெல்லாம் பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி எழுப்பிக்கொண்டே போனோம். பால் குடித்த ஐந்தாவது நிமிடம் தூங்கினாள்.

பெரா முடிவு: வலது 80, இடது 75 டெசிபெல். அதற்குக் குறைந்த சத்தம் கேட்காதாம். சாதாரணப் பேச்சு 60 பக்கம்தான் என்றார்கள். நாம் பேசுவது அவளுக்கு எட்டாது. நடுக்காதில் நீர் இல்லை. ஒரு மாதத்தில் இன்னொரு முறை எடுத்து உறுதி செய்வார்கள், அதற்குள் காது மெஷினுக்கு அளவு எடுக்கலாம் என்றார்கள்.

அறையை விட்டு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி: “நான் இதுவரை பாடியது ஒன்றுமே அவளுக்குக் கேட்கவில்லையா?” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அங்கிருந்த டாக்டரம்மாதான், “உங்கள் நெஞ்சில் சாய்ந்துதானே கேட்டாள், அதிர்வு போயிருக்கும்” என்றார்.

வீட்டில் இப்போது வேறு பேச்சு. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று ஒரு சித்தப்பா, கிரகணத்தன்று வெளியே போனதால்தான் என்று ஒரு பெரியம்மா. மனைவி சாப்பிடுவதே இல்லை. அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா மேடம்?


காதுமடல் | மறுநாள், காலை 6.05

கிரகணத்தை விடுங்கள். சொந்தத்தில் கட்டியதற்குப் பங்கு இருக்கலாம், ஆனால் அதைக் குற்றமாகப் பேசுவது வேறு.

நம் எல்லோரிடமும் இப்படிச் சில பழுதான ஜீன்கள் இருக்கின்றன. ஜோடியில் ஒன்று நன்றாக இருந்தால் காது கேட்கும், நமக்குத் தெரியவே வராது. அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுது இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் அதுவே வந்தால்தான் காது கேளாது. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்தவர்கள் கட்டிக்கொள்ளும்போது அந்தச் சந்தர்ப்பம் கூடுகிறது. கனெக்சின் 26 என்ற ஜீன்தான் அடிக்கடி அகப்படுவது. அது காரணம் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி, ஆகவே உங்கள் மனைவியை மட்டும் யாரும் பார்க்க வேண்டாம். இதைச் சித்தப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் தம்பி, நான் சொல்ல முடியாது. ஜீன் சோதனையை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், மெஷின் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

இன்னொரு காரணம் கர்ப்பத்தில் அம்மாவுக்கு வரும் ரூபெல்லா. 2017 பிப்ரவரியில் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி முகாம் தொடங்கிய முதல் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் எத்தனை பள்ளி வாசலில் பெற்றோரிடம் கெஞ்சினோம்! அந்த ஊசி பிறக்கப்போகும் குழந்தையின் காதுக்கும் சேர்த்துத்தான் என்று அன்றைக்கு நாங்கள் சரியாக எடுத்துச் சொல்லவில்லை.


சிட்டுக்குருவி | மறுநாள், இரவு 9.10

தம்பி, உங்கள் மனைவியைச் சாப்பிடச் சொல்லுங்கள். பால் கொடுக்கிற பெண். ஊர் மாறும்போது பெரா ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து, ஒன்றை ஊசி அட்டைக்குள் பின் போட்டு வையுங்கள். திருப்பூர் செவிலியர் அட்டையைத் திறந்ததும் அது அவர் மடியில் விழ வேண்டும்.


திருப்பூர்வாசி | 7 வாரங்களுக்குப் பிறகு, மாலை 6.45

இன்றோடு மெஷின் மாட்டி ஒன்பது நாள். குழந்தைக்கு ஐந்து மாதம் நெருங்குகிறது.

இரண்டாவது பெராவும் அதே முடிவுதான். மெஷின் தயாராக இருந்தது, காதில் பொருந்தும் மோல்டு வர மட்டும் 18 நாள். நாள்தோறும் போன் செய்து செய்து அந்தப் பையனுக்கு என் குரல் மனப்பாடம். மூன்றிலிருந்து ஆறு மாதம் இதோடு பார்ப்போம், போதவில்லை என்றால் ஒரு வயது வாக்கில் காக்ளியர் என்று சொல்லியிருக்கிறார்கள். காப்பீட்டு அட்டையில் குழந்தை பெயரைச் சேர்க்க மனு கொடுத்துவிட்டோம்.

மனைவியும் குழந்தையும் திருப்பூர் வந்துவிட்டார்கள். கைமொழி அண்ணா சொன்ன வீடியோவைப் பார்த்து பால், அம்மா, போதும், விளக்கு, பூனை என்று ஐந்து சைகை பழகியிருக்கிறோம். அத்தைதான் எல்லோரையும் முந்திக்கொண்டு கற்றுக்கொண்டார், நான் மூன்று வயதில் பேசிய கதையை இப்போது சொல்வதில்லை.

நேற்றுக் காலை குக்கர் விசில் வந்தபோது பால் குடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை விரித்தாள். தற்செயலா என்று தெரியவில்லை. அடுத்த விசிலுக்கும் நிறுத்தினாள்.

இரண்டு சந்தேகம். மடியில் படுத்தால் மெஷின் ‘கீய்ய்’ என்று கத்துகிறது, ஏன்? கையில் பிடித்து இழுத்து வாயில் வைத்துவிடுகிறாள், அதற்கு என்ன செய்வது?


யாழினிஅம்மா | அதே நாள், இரவு 7.20

கத்துவது மோல்டு லூசாகிவிட்டதால். சத்தம் வெளியே கசிந்து மறுபடி மைக்குக்கே போகிறது. இந்த வயதில் காது மாதாமாதம் வளரும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புது மோல்டு எடுக்க வேண்டிவரும். அடுத்ததற்கு இப்போதே அளவு கொடுத்துவிடுங்கள், 18 நாள் என்று சொன்னீர்களே. இழுப்பதற்கு, மெஷினில் நைலான் நூல் கட்டி மறுமுனையைச் சட்டையின் முதுகுப் பக்கம் கிளிப்பில் மாட்டுங்கள். முன்பக்கம் மாட்டினால் நூலையும் தின்பாள்.


காதுமடல் | அதே நாள், இரவு 9.55

பேட்டரி டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் வீட்டில் இருக்கக் கூடாது, நேரே மருத்துவமனை. மெஷினிலேயே பேட்டரி மூடிக்குப் பூட்டு இருக்கும், போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

குக்கர் எத்தனை விசில் என்று எழுதி வைத்து அடுத்த தடவை கொண்டுபோங்கள். எங்களுக்கு அது தேவைப்படும்.


திருப்பூர்வாசி | அதே நாள், இரவு 10.15

பூட்டு இருக்கிறது, போடாமல் இருந்தோம். இப்போது போட்டுவிட்டேன். விசில் நான்கு, அரிசிக்கு.